இலை விடாத போத்துகள்

செங்கமலம் குடிலுக்கு வந்து சேர்ந்தபோது அவளுக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. அவள் தேடி வந்த சிற்றம்பலச் சாமிக்கு நாற்பதுகூட ஆகவில்லை. தன்னைவிட இளையவரின் காலில் அவள் விழுந்ததைப் பார்த்து அங்கிருந்தவர்கள் சங்கடப்பட்டார்கள். சாமியும் சங்கடப்பட்டார். இரண்டடி நகர்ந்து நின்றுகொண்டார்.

அவள் மலைக்கிராமங்களில் செவிலியாக இருந்தவள். வண்டி போகாத ஊர்களுக்கெல்லாம் நடந்தே போய்ப் பிரசவம் பார்த்தவள். அந்த வட்டாரத்தில் மீசை முறுக்கிக்கொண்டு திரிந்த பல ஆண்களை அவள் முதன்முதலில் தலைகீழாகத்தான் பார்த்திருந்தாள்.

ஓர் ஆடி மாதத்தில் பவளம் என்ற பெண் அவள் கையிலேயே இறந்துபோனாள். குழந்தை நல்லபடியாகத்தான் பிறந்தது. பிறகு இரத்தம் நிற்கவில்லை. செய்ய வேண்டியதையெல்லாம் செங்கமலம் செய்தாள். நிற்கவேயில்லை. விசாரிக்க வந்த பெரிய டாக்டர் அவள்மேல் தவறில்லை என்றார். பவளத்தின் அம்மாவும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அதையே சொன்னார்.

அன்றிலிருந்து அந்தக் கை நடுங்கத் தொடங்கியது. டம்ளரில் காப்பி தளும்பியது. ஊசியில் மருந்து ஏற்ற முடியவில்லை. வேலையை விட்டுவிட்டு மலையடிவாரத்துக் குடிலுக்கு வந்தாள்.

"சாமி, எனக்கு ஒரு கேள்வி இருக்குது," என்றாள்.

"கேளுங்கம்மா."

"என் கையில எத்தனையோ பிள்ளைங்க பொறந்திருக்கு. அதெல்லாம் நான் செஞ்சதுன்னு ஊரே சொல்லுது. அப்படின்னா பவளம் செத்ததும் நான் செஞ்சதுதானே? அதை நான் செய்யலைன்னா, பொறந்ததையெல்லாம் செஞ்சது யாரு?"

சாமி கிணற்றுப் பக்கம் கையைக் காட்டினார்.

கிணற்றடியில் ஒரு பெரிய சீமை அத்தி மரம் விழுந்து கிடந்தது. கார்த்திகை மழையில் வேரோடு சாய்ந்தது அது. சாமி அதன் கிளைகளிலிருந்து கட்டைவிரல் பருமனில் நடுவதற்கான குச்சிகளாகப் போத்துகள் வெட்டிவைத்திருந்தார். ஏதோ கல்யாணத்தில் மிஞ்சிய கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் டம்ளர்களில் அடியில் ஓட்டை போட்டு, மணலும் தேங்காய் நார்த்தூளும் நிரப்பி, டம்ளருக்கு ஒரு போத்தாக ஊன்றியிருந்தார். வெளிச்சம் படாமலிருக்க ஒவ்வொரு டம்ளரைச் சுற்றியும் கிழிந்த குடையின் கறுப்புத் துணி கட்டியிருந்தது.

"அதுக்குத் தண்ணி ஊத்தணும்," என்றார் சாமி.

"கை நடுங்குதே சாமி. சிந்திடும்."

"சிந்தினா கீழ மண்ணுதானே."

அவ்வளவுதான் பதில்.

தினமும் காலையில் அவள் தண்ணீர் ஊற்றினாள். பாதி டம்ளரில் விழுந்தது, பாதி மண்ணில் விழுந்தது. குளிர் போய் வெயில் ஏறத் தொடங்கியபோது சில போத்துகள் கண் திறந்தன. பச்சையாக ஒரு முனை நீண்டு, விரிந்து, குழந்தையின் உள்ளங்கையைப்போல ஓர் இலை ஆனது. இலை விட்டவற்றை அவள் முன்வரிசைக்குக் கொண்டுவந்தாள். போகிறபோதும் வருகிறபோதும் நின்று பார்த்தாள். மற்றவை குச்சியாகவே நின்றன. அவற்றைப் பின்னால் தள்ளி வைத்தாள்.

"இந்த மொட்டைக் குச்சியெல்லாம் செத்துப்போச்சு சாமி. அடுப்புக்குப் போட்டுடலாமா?"

"இருக்கட்டும்."

"எடத்தை அடைச்சுட்டு நிக்குது."

"எடம் இருக்குது. இருக்கட்டும்."

அவளுக்கு அது பிடிக்கவில்லை. இருந்தாலும் அவற்றுக்கும் ஊற்றினாள்.

பங்குனியில் ஒரு நாள் சாமி மண்தொட்டிகளை வாங்கிவந்து வேப்பமர நிழலில் அடுக்கினார். செம்மண்ணும் ஆற்று மணலும் மக்கிய சாணி எருவும் கலந்து ஒரு குவியலாகக் குவித்தார்.

"டம்ளர் போதாது. இன்னிக்குப் பெரிய தொட்டிக்கு மாத்திடுவோம்," என்றார்.

செங்கமலம் ஆசையோடு முன்வரிசையிலிருந்து எடுத்தாள். எல்லாவற்றையும்விடச் செழிப்பாக நான்கு இலை விட்டிருந்த போத்து அது. கறுப்புத் துணியை அவிழ்த்தாள். டம்ளரின் பக்கவாட்டில் மணலும் நார்த்தூளும்தான் தெரிந்தன. மெதுவாக ஆட்டிப் பார்த்தாள். போத்து கையோடு வந்துவிட்டது. அடியில் ஒன்றுமில்லை. வெட்டிய முனை கறுத்து, அழுகி, பிசுபிசுத்தது.

அவள் அதைப் பிடித்தபடியே நின்றாள்.

"வேரே இல்லை சாமி. அப்புறம் எப்படி இலை வந்துச்சு?"

"குச்சிக்குள்ள இருந்த தெம்பு. அது இருக்கற வரைக்கும் வரும்."

இரண்டாவதை எடுத்தாள். அதில் இழைபோல ஒரே ஒரு வேர் இருந்தது. மூன்றாவதிலும் ஒன்றுமில்லை. தண்ணீர் ஊற்றியவள் அவள்தானே. அதிகமாக ஊற்றிவிட்டாளோ? கை பலமாக நடுங்கியது.

"பின்னால இருக்கறதை எடுங்க," என்றார் சாமி.

"அதுல என்ன இருக்கப்போகுது?"

"எடுங்க."

அவள் ஒரு மொட்டைக் குச்சியை எடுத்தாள். மூன்று மாதமாக ஒரு முளைகூட விடாத குச்சி. துணியின் முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் இழுத்து அவிழ்த்தாள். துணி விலகியது.

டம்ளர் வெள்ளையாக இருந்தது.

அது என்னவென்று முதலில் அவளுக்குப் புரியவில்லை. கண்ணுக்கு அருகில் கொண்டுபோனாள். வேர். டம்ளரின் சுவரெங்கும் வேர். தடித்த வேரிலிருந்து மெல்லிய வேர் பிரிந்து, அதிலிருந்து அதைவிட மெல்லியது பிரிந்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல், ஒன்று விட்ட இடத்தை இன்னொன்று நிரப்பிக்கொண்டு, அடிவரை இறங்கி, ஓட்டைகளின் விளிம்பில் வந்து நின்றிருந்தது. நுனிகள் ஈரத்தில் பளபளத்தன. மேலே அதே செத்த குச்சி. அதில் ஒரு மாற்றமும் இல்லை.

செங்கமலம் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். வெயிலில் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சாமி, நஞ்சுக்கொடி பாத்திருக்கீங்களா?"

"இல்லைம்மா."

"குழந்தை வந்தப்புறம் வரும். ஒரு பக்கம் கரடுமுரடா மாமிசமா இருக்கும். திருப்பினா, குழந்தை பக்கத்துல ஒரு மரம் இருக்கும் சாமி. கொடிதான் நடுமரம். அதுல இருந்து கிளை கிளையா நரம்பு விரிஞ்சு போகும். இப்படியேதான். அச்சு அசல் இப்படியேதான் இருக்கும். துண்டு எதுவும் உள்ள தங்கியிருக்கான்னு பாக்கறதுக்கு ஒவ்வொரு தடவையும் நான் அதைக் கையில விரிச்சுப் பாத்திருக்கேன். முழுசா இருக்கா, இருக்கு. அவ்வளவுதான். பொதைக்கச் சொல்லிட்டு அடுத்த வேலையைப் பாக்கப் போயிடுவேன்." அவள் குரல் இறங்கியது. "அத்தனை தடவை கையில இருந்துச்சு. ஒரு தடவைகூட நான் பாக்கலையே சாமி."

சாமியும் அவள் எதிரில் மண்ணில் உட்கார்ந்தார். டம்ளரை வாங்கிப் பார்த்தார். இதற்கு முன் எத்தனையோ போத்துகளை வேர்விடச் செய்தவர்தான். அன்றைக்கு அவரும் ஏதோ புதிதாகப் பார்ப்பவர்போலப் பார்த்தார்.

"இதை யாரு செஞ்சது சாமி?"

"நீங்கதானே தண்ணி ஊத்துனீங்க."

"ஊத்துனேன். இதை நான் செய்யலை. எனக்குத் தெரியவே தெரியாது. அடுப்புக்குப் போடச் சொன்னவ நான்."

சாமி டம்ளரை அவளிடம் நீட்டினார்.

"தொட்டிக்கு மாத்துங்க."

"நானா? இந்தக் கையிலயா?" அவள் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "வெள்ளை வேரு சாமி. பட்டாலே ஒடிஞ்சுடும். நீங்க பண்ணுங்க."

சாமி மறுக்கவில்லை. குடிலுக்கு வருவதற்கு முன்பு அவர் நூற்பாலையில் ஃபிட்டராக இருந்தவர். இரும்பைத் திருகிப் பழகிய கை. வேறொரு டம்ளரை எடுத்துத் துணியை அவிழ்த்தார். அதிலும் வேர் நிரம்பியிருந்தது. குச்சியைப் பிடித்து மேலே இழுத்தார். வரவில்லை. இன்னும் கொஞ்சம் பலம் கொடுத்து இழுத்தார். பிடி விட்டது. மண்கட்டி நடுவில் பிளந்து பொலபொலவென்று உதிர்ந்தது. வேர்கள் ஒடிகிற மெல்லிய சத்தம் இருவருக்கும் கேட்டது.

"ஐயோ! இப்படியா இழுப்பாங்க?" செங்கமலம் கத்திவிட்டாள். குருவிடம் பேசுகிறோம் என்பதே அவளுக்கு மறந்துபோனது. "இழுக்கவே கூடாது. அது வர்றப்ப நாம தாங்கணும். நகருங்க அந்தப் பக்கம்."

சாமி நகர்ந்தார்.

அவள் ஒரு கத்தரிக்கோலை எடுத்து டம்ளரின் விளிம்பிலிருந்து அடிவரை ஒரு கோடாக வெட்டினாள். பிளாஸ்டிக்கை இரண்டு பக்கமும் விரித்தாள். இடது உள்ளங்கையை மண்கட்டிக்கு அடியில் கொடுத்தாள். வலது கையின் இரண்டு விரல்கள் குச்சியின் கழுத்தைச் சுற்றி நின்றன, தொட்டும் தொடாமலும். கட்டி அப்படியே அவள் கைக்கு வந்தது. ஒரு வேர்கூட ஒடியவில்லை. தொட்டியில் பாதி மண் போட்டு அதன்மேல் வைத்து, சுற்றிலும் கலவையைத் தூவினாள். அமுக்கவில்லை. தொட்டியை இரண்டு முறை தரையில் தட்டினாள். மண் தானாக இறங்கி உட்கார்ந்தது. பிறகு ஓரமாகத் தண்ணீர் விட்டாள்.

அடுத்ததை எடுத்தாள். அதற்கடுத்ததையும் எடுத்தாள்.

வெயில் வேப்பமரத்தைத் தாண்டிச் சாய்ந்தபோது கடைசித் தொட்டியும் நிரம்பியிருந்தது. அவள் நிமிர்ந்து கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். அப்போதுதான் அதைக் கவனித்தாள். கை அசையாமல் நின்றது.

அவள் அழுதாள். பவளம் இறந்த பிறகு அவள் அழுதது அதுதான் முதல் முறை.

"நான் எதையும் செய்யலை சாமி. புரிஞ்சுபோச்சு. பொறந்ததும் நான் செஞ்சதில்லை. பவளம் போனதும் நான் செஞ்சதில்லை. எல்லாம் தானா நடக்குது. நான்தான் நடுவுல நின்னுட்டு எல்லாம் என் கையிலன்னு நெனச்சுட்டேன்."

சாமி மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"இனி இந்தக் கைக்கு வேலை இல்லை. சும்மா உக்காந்து எல்லாத்தையும் பாத்துட்டு இருக்கப்போறேன்."

"உக்காருங்க," என்றார் சாமி.

அவள் உட்கார்ந்தாள். மறுநாள் காலையில் தியானக் கூடத்தின் வாசலில் கண்ணை மூடி உட்கார்ந்தவள் சாப்பிடவும் எழவில்லை. முகம் தெளிந்திருந்தது. பல மாதங்களாக அவளை அழுத்திக்கொண்டிருந்தது இறங்கிவிட்டது என்று பார்த்தவர்கள் சொல்லிக்கொண்டார்கள்.

அதற்கடுத்த நாள் மதியம் மலையில் கோடை மழை கொட்டியது. அடிவாரத்து ஓடையில் செந்தண்ணீர் இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு ஓடியது. மழை விடுவதற்கு முன்பே குடிலின் படலைத் தள்ளிக்கொண்டு நான்கு பேர் ஒரு கட்டிலைத் தூக்கிவந்தார்கள். கட்டிலில் தார்ப்பாய்க்கு அடியில் ஒரு பெண் முனகிக்கொண்டிருந்தாள். முன்னால் வந்த இளைஞன் மூச்சிரைக்கப் பேசினான்.

"சாமி, என் பேரு பொன்னரசுங்க. இது என் சம்சாரம் மயிலாத்தா. வலி வந்துடுச்சுங்க. ஆம்புலன்ஸு ஓடைக்கு அந்தப் பக்கமே நிக்குதுங்க. தண்ணி வடியாம தாண்ட முடியாதுங்கறாங்க. இங்க நர்ஸம்மா இருக்காங்கன்னு சொன்னாங்க."

எல்லோரும் செங்கமலத்தைப் பார்த்தார்கள். அவள் கண்ணைத் திறந்திருந்தாள். எழவில்லை.

"நான் இந்த வேலையில இருந்து கையெடுத்துட்டேன் தம்பி," என்றாள். "ஆகறது ஆகும். பயப்படாதீங்க."

பொன்னரசுவுக்கு ஒன்றும் புரியவில்லை. கூடவே வந்திருந்த மயிலாத்தாவின் மாமியார் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

சாமி தியானக் கூடத்துக்குள் போனார். தன்னுடைய பாயை எடுத்து நடுவில் விரித்தார். சமையல் செய்யும் நல்லமுத்து பதறிப்போய் ஓடிவந்தார்.

"சாமி, இங்கயா? பூசை பண்ற எடம்."

"வேற எங்க ஒழுகாம இருக்குது?"

கட்டிலை உள்ளே கொண்டுபோனார்கள். சாமி வெளியே வந்து தண்ணீர்த் தொட்டியடியில் நின்று சோப்புப் போட்டு முழங்கைவரை கையைக் கழுவினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். செங்கமலத்தின் எதிரில் வந்து நின்று ஈரம் சொட்டும் இரண்டு கையையும் அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"அப்ப நான் பாக்கட்டுமாம்மா?"

செங்கமலம் அந்தக் கைகளைப் பார்த்தாள். தடித்த விரல்கள். முந்தாநாள் மண்கட்டியை உடைத்த கைகள். உள்ளே மயிலாத்தா அலறினாள்.

"நகருங்க சாமி," என்று சொல்லிக்கொண்டே எழுந்தாள்.

அதன்பிறகு அவள் பேச்செல்லாம் உத்தரவாகத்தான் இருந்தது. வெந்நீர் வை. புது பிளேடைக் கொதிக்கப் போடு. நூல் கொண்டா. ஆம்பளைங்க வெளியே போங்க. அத்தை, நீங்க அழறதை நிறுத்திட்டு அவ தலைமாட்டுல உக்காருங்க.

வெளியே மழை இரைந்தது. உள்ளே செங்கமலத்தின் குரல் மட்டும் கேட்டது. "அவசரப்படாத கண்ணு. மூச்சை விடு. இப்ப வேண்டாம். இப்ப, இப்ப முக்கு." பிறகு ஒரு கணம் எந்தச் சத்தமும் இல்லை. அடுத்து அழுகை கேட்டது. மழையைக் கிழித்துக்கொண்டு, கோபமாக, உலகத்துக்கு அதுதான் முதல் அழுகை என்பதுபோல. பொன்னரசு சுவரில் சாய்ந்து அப்படியே வழுக்கித் தரையில் உட்கார்ந்தான்.

பெண் குழந்தை.

சிறிது நேரத்தில் நஞ்சுக்கொடி வந்தது. செங்கமலம் அதை விரித்துப் பார்த்தாள். முழுசாக இருந்தது. ஒரு மூச்சு நேரம் கூடுதலாகப் பார்த்தாள். அதற்குள் அவள் முழங்காலில் சூடாக ஏதோ பட்டது. குனிந்தாள். பாயில் இரத்தம் பரவிக்கொண்டிருந்தது.

பவளத்துக்கு வந்த அதே இரத்தம். அதே வேகம்.

"சாமி!"

சாமி உள்ளே வந்தார். இரத்தத்தைப் பார்த்ததும் ஓடிவந்து மயிலாத்தாவின் காலடியில் மண்டியிட்டார்.

"கால் ரெண்டையும் தூக்கிப் பிடிங்க. விடாதீங்க. அத்தை, குழந்தையை மாருல போடுங்க. சப்பட்டும்."

அவள் ஒரு கையை உள்ளே கொடுத்து, இன்னொரு கையால் அடிவயிற்றை மேலிருந்து அழுத்தினாள். கருப்பை மாவுபோலத் துவண்டு கிடந்தது. பிசைந்தாள். இறுகவில்லை. மயிலாத்தாவின் உதடு வெளுத்துக்கொண்டே வந்தது. செங்கமலத்தின் நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது. தோள் வலித்தது. மூச்சு திணறியது. கையை எடுக்கவில்லை. வெளியே மழை குறைந்து தூறலானது. குழந்தை ஒருமுறை முகத்தைத் திருப்பி, தேடி, பற்றிக்கொண்டு சப்பத் தொடங்கியது.

அப்போது அவள் கைக்கு அடியில் ஏதோ நகர்ந்தது. துவண்டு கிடந்தது மெல்லத் திரண்டது. சுருங்கியது. பிறகு கல்போல இறுகி, அவள் உள்ளங்கையை முட்டிக்கொண்டு நின்றது.

இரத்தம் நின்றிருந்தது.

அவள் உடனே கையை எடுக்கவில்லை. நம்ப முடியாமல் அப்படியே வைத்திருந்தாள். மயிலாத்தா கண்ணைத் திறந்து, "தண்ணி குடுங்கம்மா," என்றாள். அதைக் கேட்டதும் மாமியார் மறுபடியும் அழ ஆரம்பித்தார்.

ஓடை வடிய மாலையாகிவிட்டது. ஆம்புலன்ஸ் குடில்வரை வந்தது. தாயையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு பொன்னரசு புறப்பட்டான். போகும்போது செங்கமலத்தின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். வண்டி போய்விட்டது.

செங்கமலம் கூடத்துக்குத் திரும்பினாள். பாய் இன்னும் நடுவில் கிடந்தது. அதன் முன்னால் சாமி நின்றுகொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. இரண்டு கையும் நெஞ்சுக்கு நேரே கூப்பியபடி இருந்தன. பூசை மாடம் அவருக்கு முதுகுப் பக்கத்தில் இருந்தது.

அவள் பக்கத்தில் போய் நின்றாள். சேலையில் இரத்தம் காய்ந்திருந்தது.

"சாமி, இப்பவாவது சொல்லுங்க," என்றாள். "பவளத்துக்கும் இதையேதான் செஞ்சேன். இதே கை. இதே மாதிரிதான் அழுத்திப் பிடிச்சேன். அவ போயிட்டா. இவ தண்ணி கேட்டா. நான் எந்திரிச்சு வரலைன்னா இவளும் போயிருப்பா. ஆனா அது இறுகுச்சு பாருங்க, அதை நான் செய்யலை. சத்தியமா நான் செய்யலை. அப்ப செஞ்சது யாரு?"

சாமி கூப்பிய கையை இறக்கவில்லை.

"எனக்குத் தெரியாதும்மா," என்றார். "தெரிஞ்சிருந்தா எதுக்குக் கும்பிட்டுட்டு நிக்கறேன்?"